விடியுமுன் தேயிலை மலையில் நடக்க எந்த சார்ஜ் டோர்ச் வாங்கலாம்?

பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருந்தார். ஹட்டனில் ஒரு கடையில் வேலை செய்கிறார். விடிய 4.45க்கு லயத்திலிருந்து புறப்பட்டு, தேயிலை மலைக் குறுக்கு வழியாக 35 நிமிடம் இறங்கினால்தான் முதல் பஸ்ஸைப் பிடிக்க முடியும். பின்னேரம் திரும்பி ஏறும்போதும் இருட்டிவிடுகிறது. இதுவரை போன் வெளிச்சத்தில்தான் நடந்திருக்கிறார். போன மாதம் மழையில் கை வழுக்கி, போன் கானுக்குள் விழுந்துவிட்டது. ஒன்லைனில் "ஒரு இலட்சம் லுமென், இரண்டு கிலோமீற்றர் அடிக்கும்" என்று ஒரு சார்ஜ் டோர்ச் பார்த்தாராம். கையில் 6,000 ரூபாய் இருக்கிறது, நல்ல பவரானது ஒன்று சொல்லுங்கள், அப்பாவின் பழைய, பாரமான பெரிய டோர்ச் வேலை செய்யவில்லை, அதைத் திருத்தலாமா என்றும் சொல்லுங்கள் என்று முடித்திருந்தார்.

கேள்வியில் நீங்கள் கேட்டிருப்பது "பவர்". ஆனால் நீங்கள் சொன்ன விஷயங்களைச் சேர்த்துப் பார்த்தால், உங்களுக்கு வேண்டியது வேறு. நடுவழியில் அணைந்துவிடக் கூடாது. மழையில் நனைந்தாலும் எரிய வேண்டும். பனி இறங்கிய நாளிலும் கால் வைக்கும் இடம் தெரிய வேண்டும். வருடத்துக்கு 300 நாள், நாளுக்கு ஒரு மணி நேரம் இதைச் செய்ய வேண்டும். இரண்டு கிலோமீற்றர் தூரத்தில் என்ன நிற்கிறது என்று உங்கள் பாதையில் யாரும் பார்க்கத் தேவையில்லை. அங்கே பத்தடிக்கு ஒரு வளைவு. ஆகவே நான் பதில் சொல்லப்போவது நம்பி நடக்கக்கூடிய வெளிச்சத்தைப் பற்றி.

நான் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் 11 வருடம் எலக்ட்ரீசியனாக இருந்தேன். அதற்குப் பிறகு 14 வருடமாக டோர்ச், எமர்ஜென்சி லைட், ரேடியோ, இன்வர்ட்டர் திருத்துகிற சின்னக் கடை வைத்திருக்கிறேன். பெட்டரி, சார்ஜ் சர்க்கிட், தண்ணீர் புகுந்து பழுதாவது, இதெல்லாம் என் மேசையில் தினமும் பார்ப்பது, அதனால் உறுதியாகச் சொல்வேன். காட்டு விலங்கு பற்றியும் கண் பார்வை பற்றியும் சொல்லும்போது நடந்து பழகிய அனுபவத்தில்தான் சொல்கிறேன். அந்த இடங்களில் அந்தத் துறையில் இருப்பவர்கள் மாற்றிச் சொன்னால் அவர்கள் சொல்வதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த ஒரு இலட்சம் லுமென் என்ற வெளிச்ச அளவு. அது பொய். சந்தேகத்துக்கு இடமே இல்லை, கணக்கே காட்டிக்கொடுத்துவிடும். நல்ல எல்ஈடி டோர்ச் ஒன்றில் ஒரு வோட் சக்திக்கு ஏறக்குறைய 100 முதல் 150 லுமென் வரை வெளிச்சம் கிடைக்கும். அப்படியானால் ஒரு இலட்சம் லுமெனுக்கு 650 வோட்டுக்கு மேல் வேண்டும். துணி அயர்ன் பண்ணும் பெட்டியில் பாதிக்கு மேல் சக்தி அது. கையில் அடங்கும் டோர்ச்சில் சாதாரணமாக இருக்கும் 18650 என்ற லித்தியம் பெட்டரியில் உள்ள மொத்தச் சக்தி 12, 13 வோட்-மணிதான். 650 வோட்டுக்கு அது ஒரு நிமிடத்துச் சாப்பாடு. அவ்வளவு கரண்டை அந்தப் பெட்டரியால் ஒரேயடியாகக் கொடுக்கவும் முடியாது, அந்தச் சூட்டைக் கையால் பிடிக்கவும் முடியாது. இப்படிப்பட்ட டோர்ச்சுகள் சில என் மேசைக்கு வந்திருக்கின்றன. என்னிடமுள்ள கருவிகளில் சரியான லுமென் அளக்க முடியாது, ஆனால் எவ்வளவு கரண்ட் இழுக்கிறது என்று அளக்கலாம். அதை வைத்துப் பார்த்தால் 300, 400 லுமெனைத் தாண்டியது எதுவும் வரவில்லை. எல்ஈடியின் பெயரும் அப்படித்தான். "எக்ஸ்எச்பி 99", "எக்ஸ்எச்பி 160" என்று பெட்டியில் அச்சடிக்கிறார்கள். எக்ஸ்எச்பி என்பது கிறீ நிறுவனத்தின் வரிசை, அதில் 50 உண்டு, 70 உண்டு. 99, 160 எல்லாம் விற்பவர்கள் வைத்த எண்கள்.

லுமென் என்றால் டோர்ச்சிலிருந்து வெளியே வரும் மொத்த வெளிச்சத்தின் அளவு. வீட்டில் போடுகிற 9 வோட் எல்ஈடி பல்ப்பின் பெட்டியைப் பாருங்கள், 800 அல்லது 900 லுமென் என்று இருக்கும். அறை முழுவதும் பரவும் அந்த வெளிச்சத்தை ஒரு பக்கமாகக் குவித்தால் எவ்வளவு கடுமையாக இருக்கும் என்று நினைத்துப்பாருங்கள். எவ்வளவு குவிகிறது என்பதைச் சொல்லும் அளவுக்குக் கண்டெலா என்று பெயர். டோர்ச் எத்தனை மீற்றர் அடிக்கும் என்பதைத் தீர்மானிப்பது இதுதான், லுமென் இல்லை. ஒழுங்கான கம்பனிகள் போடும் "தூரம்" என்ற எண்ணுக்கு ஒரு விதி இருக்கிறது. வெளிச்சம் முழு நிலவு அளவுக்கு, அதாவது 0.25 லக்ஸுக்குக் குறையும் இடம் வரைக்கும் உள்ள தூரம் அது. கண்டெலாவின் வர்க்கமூலத்தை இரண்டால் பெருக்கினால் அந்த எண் வந்துவிடும். 2,500 கண்டெலா என்றால் 100 மீற்றர். 10,000 கண்டெலா என்றால் 200 மீற்றர். தூரம் இரட்டிப்பாக நான்கு மடங்கு வேண்டும் என்பதை இதிலேயே காணலாம். இரண்டு கிலோமீற்றருக்குப் பத்து இலட்சம் கண்டெலா வேண்டும். அப்படியான டோர்ச்சுகள் உலகத்தில் இருக்கின்றன, ஆனால் 6,000 ரூபாய்க்கு இல்லை. இன்னொன்றையும் மறக்காதீர்கள், அந்தக் கடைசி மீற்றரில் இருப்பது நிலா வெளிச்சம் மட்டும். பெட்டியில் 200 மீற்றர் என்று போட்டிருந்தால், ஓர் ஆளை ஆள் என்று அடையாளம் காண்பது அதில் பாதித் தூரத்துக்குள்தான்.

சரி, உங்கள் குறுக்கு வழிக்கு எவ்வளவு போதும்? நடக்கும்போது 100 முதல் 200 லுமென். இதைக் கேட்டால் கடையில் சிரிப்பார்கள், ஆனால் இருட்டுக்குப் பழகிய கண்ணுக்கு இது தாராளம். கூடக் கூட வெளிச்சம் வைத்தால் டோர்ச் அடிக்கும் வட்டத்துக்குள் மட்டும் எல்லாம் தெரியும், அதற்கு வெளியே ஒன்றும் தெரியாது, ஏனென்றால் கண் அந்த வட்டத்துக்குப் பழகிவிடுகிறது. கடும் வெளிச்சத்தில் நடந்துவிட்டு டோர்ச்சை அணைத்துப் பாருங்கள், பல நிமிடத்துக்கு மலையின் விளிம்புகூடத் தெரியாது. இதற்கு மேலே, தேவையான நேரத்தில் சில விநாடிக்கு 600 முதல் 1,000 லுமென் வரை அடிக்கக்கூடியதாக இருந்தால் நல்லது. முன்னால் ஏதோ அசைகிறது, பாலம் இருக்கிறதா தண்ணீர் அடித்துக்கொண்டு போய்விட்டதா, கவ்வாத்து மலைப் பக்கம் யாரோ நிற்கிறார்களா என்று பார்க்க அது உதவும். 500 லுமெனிலிருந்து 1,000 லுமெனுக்குப் போனால் கண்ணுக்கு இரண்டு மடங்காகத் தெரியாது, கொஞ்சம் கூடியதாகத்தான் தெரியும். ஆகவே 1,000க்கும் 1,500க்கும் இடையில் கூடுதல் காசு கொடுக்காதீர்கள்.

பெட்டியில் உண்மையான எண் போடும் கம்பனியிலும் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். அந்த லுமென், போட்டவுடன் 30 விநாடி கழித்து அளந்தது. சின்ன டோர்ச் 1,500 லுமெனில் எரிந்தால் இரண்டு மூன்று நிமிடத்தில் உடம்பு சுடும், உள்ளே இருக்கும் சர்க்கிட் தானாகவே வெளிச்சத்தை 400, 500க்குக் குறைத்துவிடும். இது பழுது இல்லை, எல்ஈடியையும் பெட்டரியையும் காப்பாற்றச் செய்த ஏற்பாடு. என் கடைக்கு "டோர்ச் மங்குகிறது அண்ணா" என்று கொண்டுவந்தவர்களில் நல்ல டோர்ச் வைத்திருந்தவர்களுக்கு நான் திருத்த ஒன்றுமே இருக்கவில்லை. பெட்டியில் "8 மணி நேரம் எரியும்" என்று இருந்தால் எந்த நிலையில் 8 மணி என்று பாருங்கள். கூடிய வெளிச்சத்தையும் கூடிய நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் அச்சடிப்பார்கள், இரண்டும் ஒன்றாக நடக்காது. கணக்கு இதுதான்: ஒரு நல்ல 18650 பெட்டரியில் 150 லுமென் ஏறக்குறைய 8 மணி நேரம் எரியும். உங்களுக்கு நாளுக்கு ஒரு மணி நேரம். வாரத்துக்கு ஒரு தடவை சார்ஜ் பண்ணினாலே போதும்.

பனி பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் சமவெளியில் இருப்பவர்கள் எழுதும் ஆலோசனைகளில் இது இருப்பதில்லை. நம் பக்கம் மலையில் பனிமூட்டம் இறங்கும்போது அது கோடிக்கணக்கான நீர்த்துளி. டோர்ச் அடித்தால் அந்தத் துளிகளில் பட்டு வெளிச்சம் உங்கள் கண்ணுக்கே திரும்பி வரும். டோர்ச் எவ்வளவு பெரிதோ, முன்னால் நிற்கும் வெள்ளைச் சுவரும் அவ்வளவு பெரிது. சீசன் முடிந்த ஒரு ஆனி மாதத்தில் நல்லதண்ணிப் பக்கமாகச் சிவனொளிபாதமலை ஏறினேன். டிசம்பரில் தொடங்கி வெசாக் வரைக்கும்தான் பாதையில் விளக்கு எரியும், அதற்கு அப்புறம் முழு இருட்டு. தலையில் மாட்டும் டோர்ச் ஒன்றைக் கூட்டி வைத்துக்கொண்டு போனேன். பனி இறங்கியதும் அடுத்த படி தெரியவில்லை. டோர்ச்சைத் தலையிலிருந்து கழற்றி, வெளிச்சத்தைக் குறைத்து, முழங்கால் உயரத்தில் பிடித்து முன்னால் சரித்து அடித்தேன். படியின் விளிம்பு நிழல் விழுந்து தெளிவாகத் தெரிந்தது. காரணம் இதுதான்: வெளிச்சம் கண்ணுக்குப் பக்கத்திலிருந்து புறப்பட்டால், பார்க்கும் கோடும் வெளிச்சத்தின் கோடும் ஒன்றாகி நடுவிலுள்ள பனி முழுவதும் பளபளக்கும். கீழேயிருந்து அடித்தால் கண்ணுக்கு முன்னாலுள்ள பனி இருட்டாகவே இருக்கும், தரை மட்டும் தெரியும். காரின் பனி விளக்கைக் கீழே பொருத்துவதும் இதனால்தான்.

மஞ்சள் வெளிச்சம் பனியைத் துளைக்கும் என்று டிரைவர்மார் பலர் சொல்வார்கள். பனித் துளிகள் வெளிச்சத்தின் அலைநீளத்தைவிடப் பல மடங்கு பெரியவை, ஆகவே மஞ்சளும் வெள்ளையும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் சிதறும். துளைக்கிறது என்பது சரியில்லை. ஆனால் நீலம் கலந்த கடும் வெள்ளையைவிடச் சற்று மஞ்சள் சாய்ந்த வெளிச்சம் பனியில் கண்ணுக்குக் குறைவாகக் கூசுகிறது என்று நானும் உணர்ந்திருக்கிறேன். இது என் கண்ணின் அனுபவம், உங்களுக்கும் அப்படியே இருக்கும் என்று உறுதி சொல்லமாட்டேன்.

வெளிச்சத்தின் நிறத்தில் நான் கவனம் எடுப்பதற்கு வேறு காரணம் இருக்கிறது. சிங்களத்தில் குணக்கட்டுவா என்று சொல்கிற, மூக்கு மேல்நோக்கிய சின்ன விரியன் தேயிலை மலையில் சருகுக்குள் கிடக்கும். காய்ந்த இலையின் நிறமே அதன் நிறம். நம் நாட்டில் விஷப்பாம்புக் கடிகளில் பெரும் பங்கு இதனால்தான், இதற்கென்று தனி விஷமுறிவு மருந்து ஆஸ்பத்திரிகளில் இல்லை. மலிவு டோர்ச்சின் நீல வெள்ளையில் சருகு, மண், வேர், பாம்பு எல்லாம் ஒரே சாம்பல் நிறமாகத் தெரியும். பெட்டியில் 4000 முதல் 5000 கெல்வின் என்று இருப்பதையும், சிஆர்ஐ 90க்கு மேல் என்று இருப்பதையும் தேடுங்கள். கெல்வின் என்றால் வெளிச்சம் மஞ்சள் சாய்ந்ததா நீலம் சாய்ந்ததா என்று சொல்லும் அளவு, சிஆர்ஐ என்றால் நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்ற அளவு. இந்த வகை எல்ஈடியில் லுமென் கொஞ்சம் குறையும், அது பரவாயில்லை. இருந்தாலும் டோர்ச் இருக்கிறதே என்று செருப்போடு நடக்காதீர்கள். மூடிய சப்பாத்துப் போடுங்கள், அட்டைக்கும் அதுதான் நல்லது.

சிறுத்தை பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் உங்கள் பக்கத்துத் தோட்டங்களில் அவை நடமாடுவது நம் எல்லாருக்கும் தெரியும். கண்ணில் டோர்ச் பட்டால் இரண்டு புள்ளியாக மின்னும், அதனால் தூரத்திலேயே தெரிந்துகொள்ளலாம், பொதுவாக அது மனிதரைக் கண்டால் ஒதுங்கிப்போகும். கடும் வெளிச்சம் அதை விரட்டும் என்ற நம்பிக்கையில் மட்டும் ஒரு டோர்ச் வாங்காதீர்கள். சிலவற்றில் பளிச் பளிச்சென்று வெட்டும் வெளிச்சம் இருக்கும், அது உங்கள் கண்ணையும் சேர்த்துத் தடுமாற வைக்கும். கண்டால் திரும்பி ஓடாமல் இருப்பதையும், இன்னும் இரண்டு பேரோடு சத்தமாகப் பேசிக்கொண்டு நடப்பதையும்தான் நான் நம்புவேன்.

இப்போது பெட்டரி. என்னைக் கேட்டால் டோர்ச்சின் பாதி விலை இதற்குத்தான். 18650 என்ற எண் ஓர் அளவு: 18 மில்லிமீற்றர் விட்டம், 65 மில்லிமீற்றர் நீளம். இந்த அளவுக்குள் நல்ல கம்பனிகள் செய்வது 2,500 முதல் 3,500 மில்லிஆம்பியர்-மணி (பெட்டரி எவ்வளவு சார்ஜ் கொள்ளும் என்ற அளவு) வரை, மிஞ்சினால் அதற்குக் கொஞ்சம் மேல். "9,900" என்று அச்சடித்த பெட்டரியை எங்கே கண்டாலும் அது ஏமாற்று. 21700 என்ற சற்றுப் பெரிய அளவில் 4,000, 5,000 என்பது உண்மையாகக் கிடைக்கும். கடையில் சோதிக்க எளிய வழி தராசு. உண்மையான 18650 பெட்டரி 45 முதல் 50 கிராம் இருக்கும். 30 கிராம் காட்டினால் உள்ளே சின்னப் பெட்டரியை வைத்து மீதியை ஏதோ நிரப்பியிருக்கிறார்கள். நகைக்கடைத் தராசு தேவையில்லை, பலசரக்குக் கடையின் டிஜிட்டல் தராசே போதும். இன்னொரு வழி சார்ஜ் நேரம். பெட்டியில் "10,000, சார்ஜ் 3 மணி நேரம், 1 ஆம்பியர்" என்று மூன்றும் சேர்ந்து இருந்தால் அதிலேயே பொய் தெரிகிறது, ஒரு ஆம்பியரில் மூன்று மணி நேரத்துக்கு 3,000தான் ஏறும்.

பெட்டரியைக் கழற்றி மாற்றக்கூடிய டோர்ச்சையே வாங்குங்கள். இதில் நான் விட்டுக்கொடுக்கமாட்டேன். லித்தியம் பெட்டரி 300 முதல் 500 தடவை முழுதாக சார்ஜ் ஆன பிறகு பலம் குறையத் தொடங்கும். ஒட்டி மூடிய டோர்ச்சில் அப்போது முழு டோர்ச்சும் குப்பை. கழற்றக்கூடியதில் பெட்டரியை மட்டும் மாற்றினால் எல்ஈடி பத்து வருடம் ஓடும். அதோடு, கரண்ட் இல்லாத நாட்களுக்கு இன்னொரு பெட்டரியை சார்ஜ் பண்ணி வைக்கலாம். ஒன்று மட்டும், தனிப் பெட்டரியைச் சாவிக் கொத்தோடும் சில்லறையோடும் ஒரே பையில் போடாதீர்கள். இரண்டு முனையும் இரும்பில் பட்டால் பயங்கரமாகச் சூடேறித் தீப்பிடிக்கும். பிளாஸ்டிக் டப்பாவில் வையுங்கள். பாதுகாப்பு சர்க்கிட் உள்ள பெட்டரியாகவும் கேட்டு வாங்குங்கள், டோர்ச்சை அணைக்க மறந்தாலும் அது பெட்டரியை அடிமட்டத்துக்கு இறங்க விடாது.

பிளக்கில் நேராகச் செருகும் மலிவு டோர்ச்சுகள் இருக்கின்றனவே, பின்பக்கத்தில் இரண்டு முள் வெளியே இழுக்கிற மாதிரி, அவற்றைப் பற்றி எச்சரித்தே ஆகவேண்டும். பலவற்றில் 230 வோல்ட்டைக் குறைக்க ட்ரான்ஸ்போமர் இல்லை, ஒரு கண்டென்சர் மட்டும் இருக்கும். அதாவது மெயின் கரண்டுக்கும் உள்ளே உள்ள உலோகத்துக்கும் நடுவில் பிரிப்பு எதுவும் இல்லை. சார்ஜில் இருக்கும்போது சுவிட்சை அமுக்கினால், உடைந்த மூடி வழியாக விரல் பட்டால் கரண்ட் அடிக்கும். தொழிற்சாலையில் இருந்த காலத்தில் ஈரக் கையோடு இப்படி அடிபட்ட ஒருவரை நான் தூக்கிக்கொண்டு போயிருக்கிறேன். உயிர் தப்பினார், கை பல நாள் மரத்துப்போய் இருந்தது. ஈரம் நிறைந்த லயத்துக் காமராவில், குழந்தைகள் இருக்கும் இடத்தில் இந்த வகை வேண்டாம். போன் சார்ஜரில் போடக்கூடிய டைப்-சி டோர்ச் எடுங்கள், பவர்பாங்கிலும் சோலரிலும் கூட ஏறும். மலிவு டோர்ச் சிலவற்றில் டைப்-சி துளை இருக்கும், ஆனால் இரண்டு முனையும் டைப்-சி ஆன வயரில் சார்ஜ் ஏறாது. உள்ளே போடவேண்டிய இரண்டு சின்ன ரெசிஸ்டரை விட்டுவிட்டார்கள். பழைய அகல முனை வயரில் போட்டுப் பாருங்கள், ஏறும். இதைப் பழுது என்று நினைத்து வீசியவர்கள் இருக்கிறார்கள்.

தண்ணீருக்கு ஐபிஎக்ஸ் என்ற எழுத்துகளைப் பாருங்கள். 4 என்றால் தெறிக்கும் தண்ணீர் தாங்கும். 7 என்றால் ஒரு மீற்றர் ஆழத்தில் அரை மணி நேரம் தாங்கும். வைகாசி முதல் புரட்டாதி வரை விடாமல் பெய்யும் மழைக்கும், கானில் விழுந்த உங்கள் அனுபவத்துக்கும், 7 அல்லது 8 வேண்டும். ஆனால் இந்த எண் புது டோர்ச்சுக்கானது. மூடியின் திருகில் இருக்கும் கறுப்பு ரப்பர் வளையம் காய்ந்து வெடித்தால் எண்ணுக்கு அர்த்தமில்லை. மூன்று நான்கு மாதத்துக்கு ஒரு தடவை திருகைத் துடைத்து சிலிக்கோன் கிரீஸ் கொஞ்சம் பூசுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், நம் குளிரில் அது உறைந்து திருகு இறுகிவிடும். சார்ஜ் துளையை மூடும் ரப்பர்தான் மிகப் பலவீனமான இடம். நனைந்து வந்த உடனே வயரைச் செருகாதீர்கள். துடைத்து, ஒரு இரவு காய விட்டு அப்புறம் செருகுங்கள். அந்தத் துளை பச்சையாகக் களிம்பு பிடித்த நிலையில் மாதத்துக்கு நாலைந்து என்னிடம் வருகிறது.

சுவிட்ச் சின்ன விஷயம் போலத் தெரியும். குளிரில் விரைத்த விரலுக்கு, கையுறைக்கு, இருட்டில் தடவியே கண்டுபிடிக்கக்கூடிய பொத்தான் வேண்டும். கடைசியாக வைத்த வெளிச்சத்திலேயே திரும்ப எரிய வேண்டும், ஒவ்வொரு தடவையும் கூடுதலில் தொடங்குவதும் வெட்டு வெளிச்சத்தைத் தாண்டித்தான் அணைக்க முடிவதும் தினசரிப் பாவனைக்குத் தொல்லை. பைக்குள் தானாக எரிந்தால் பெட்டரியும் போகும், துணியும் கருகும். பின் மூடியைக் கால் சுற்றுத் தளர்த்தி வைத்தால் பெரும்பாலான டோர்ச்சுகளில் அது நிற்கும். கைக்கயிறு கட்டாயம். தலையில் மாட்டும் டோர்ச் கை இரண்டையும் சும்மா விடுகிறது, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இறங்க, குடை பிடிக்க அது வசதி. பனிக்காகத்தான் கையில் பிடிப்பதை உங்களுக்குச் சொல்கிறேன். சில தலை டோர்ச்சுகள் கழன்று கையிலும் வரும், கிடைத்தால் அதுவே இரண்டுக்கும் உதவும்.

6,000 ரூபாய்க்கு என்ன வாங்கலாம்? விலை மாதத்துக்கு மாதம் மாறுகிறது, ஆகவே இன்ன மொடல் என்று ஒன்றைக் கட்டாயமாகச் சொல்லமாட்டேன். சோஃபிர்ன், வூர்கோஸ், கொன்வோய் போன்ற சீனக் கம்பனிகள் 18650 அல்லது 21700 கழற்றிப் போடும் டோர்ச்சுகளைச் செய்கின்றன, லுமெனை ஏறக்குறைய உண்மையாகப் போடுகின்றன. ஃபீனிக்ஸ், நைட்கோர் இன்னும் உறுதி, விலையும் கூட. இவற்றில் சிறிய ஒன்று உங்கள் காசுக்குள் வந்தால் எடுங்கள். வராவிட்டால் பெயர் இல்லாத டோர்ச்சிலும் சுமாரானது இருக்கும், கடையில் நேரே பார்த்து எடுங்கள். பத்து நிமிடம் எரிய விட்டுப் பாருங்கள். உலோக உடம்பு மெல்ல மெல்லச் சூடேறினால் உள்ளேயிருந்து சூடு வெளியே வருகிறது, அது நல்லது. வெளிச்சம் கடுமையாக இருந்தும் உடம்பு சில்லென்றே இருந்தால் சூடு எல்ஈடியிலேயே தங்குகிறது, சீக்கிரம் கருகும். ஒரு வெள்ளைச் சுவரில் அடித்து, நடுவட்டத்தைச் சுற்றி மென்மையாகப் பரவும் வெளிச்சம் இருக்கிறதா என்று பாருங்கள். முன்தலையை இழுத்துச் சதுரமாகக் குவிக்கும் சூம் வகை உங்கள் பாதைக்கு வேண்டாம், குவித்தால் பக்கம் தெரியாது, இழுபடும் இடத்தால் தண்ணீரும் போகும்.

பழக்கத்தில் இரண்டு விஷயம். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம் கரண்ட் வெட்டிய காலமும், 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலில் மலையகத்தின் பல இடங்கள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்ததும் உங்களுக்கு நினைவிருக்கும். அந்த நேரத்தில் சார்ஜ் டோர்ச் சார்ஜ் இல்லாமல் இருந்தால் பயனில்லை. ஞாயிற்றுக்கிழமை சார்ஜ் என்று ஒரு நாளை வைத்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில், மண்சரிவு எச்சரிக்கை வந்திருக்கும் இரவில், டோர்ச்சை மேசை லாச்சிக்குள் வைக்காமல் தலைமாட்டில் வையுங்கள். நடு இரவில் வெளியேற வேண்டி வந்தால் தேடிக்கொண்டிருக்க நேரம் இருக்காது. அப்புறம், மெயின் ரோட்டுக்கு இறங்கியதும் வெளிச்சத்தைக் குறைத்துத் தரையைப் பார்த்துப் பிடியுங்கள். வளைவில் வரும் பஸ் டிரைவரின் கண்ணில் 800 லுமென் பட்டால் சில விநாடிக்கு அவருக்கு ரோட்டே தெரியாது. உங்களையும் தெரியாது.

அப்பாவின் பழைய டோர்ச்சை வீசிவிடாதீர்கள். நீங்கள் சொன்ன அளவையும் பாரத்தையும் வைத்துப் பார்த்தால் உள்ளே 4 வோல்ட் ஈயப் பெட்டரி இருக்க வேண்டும். அந்த வகையை முழுதாக இறக்கிவிட்டு ஒன்றிரண்டு மாதம் அப்படியே வைத்தால் உள்ளே தகடுகளில் உப்புப் படிந்து சார்ஜ் ஏற மறுக்கும். பல்ப்பும் சுவிட்சும் பெரும்பாலும் நல்லாகவே இருக்கும். எந்த ரிப்பேர் கடையிலும் அதே அளவுப் பெட்டரி போட்டுத் தருவார்கள், புது டோர்ச்சின் விலையில் சிறு பகுதிதான் முடியும். போடும்போது வயர் தேய்ந்திருக்கிறதா, பின்னால் உள்ள முள் ஆடுகிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள், ஆடினால் அந்தச் சார்ஜ் பகுதியைக் கழற்றிவிட்டு வெளி சார்ஜர் பொருத்தித் தரச் சொல்லுங்கள். நடக்க எடுத்துப்போக அது பாரம் கூடியது. லயத்து வாசலில் கரண்ட் போகும் இரவுகளில் வைக்க நல்லது, மாதத்துக்கு ஒரு தடவையாவது சார்ஜ் பண்ணினால் இரண்டு மூன்று வருடம் உழைக்கும்.